பச்சை வலைக்கு முன்னால் எடுத்த படம்

முப்பத்திரண்டு வயதில் என்னை நானே ‘ஓய்வு பெற்ற கால்பந்துப் பயிற்சியாளர்’ என்று சொல்லிக்கொள்வது சிரிப்பாகத்தான் இருக்கிறது. இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது ஒரு காரணம். அதைச் சொன்னால் எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அதனால் போன மாதம் வரை அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் நான்கு பெண்கள் கொருக்குப்பேட்டையில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். நான் எட்டு வருடம் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்கள். மீனவக் குப்பங்களில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பதுதான் அவர்கள் வேலை; என் வேலையும் அதுவாகத்தான் இருந்தது. அவர்களில் வியாசர்பாடிப் பெண் ஷாலினி, உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா, பயிற்சியில ரெண்டாம் நாள் ஒரு கதை குடுத்தாங்க. ‘மலரின் கைகள்’. மாசம் ஒண்ணு இதே மாதிரி எழுதி போன்ல அனுப்பணுமாம். நீங்கதான் எழுதினீங்களாமே? படிச்சிட்டு நான் அழுதுட்டேங்கா. எப்டி எழுதினீங்க?”

மற்ற மூன்று பேரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லி டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். எழுதிவிட்டேன். இதுதான் அது.

நான் படித்து வளர்ந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். அப்பா கூட்ஸ் யார்டில் வேலை பார்த்தவர். தண்டவாளத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் கிடந்த மண்ணில் பையன்களோடு ஆடினேன். கல்லூரி அணியில் இடது தடுப்பாட்டக்காரி. உடற்கல்விப் பட்டம், பிறகு பயிற்சியாளர் உரிமம். இருபத்து மூன்று வயதில் வேலைக்குப் போனபோது ஒரு பந்தும் ஒரு விசிலும் இருந்தால் ஊரையே புரட்டிவிடலாம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் தப்பில்லை. அதை அவசரத்தோடு சேர்த்து வைத்திருந்ததுதான் தப்பு.

நான்கு வருடம் கழித்து எண்ணூர் ஆற்றுக்கு வடக்கே ஒரு குப்பத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போவதே ஒரு பயிற்சி. கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும், பேருந்து நகராது. இறங்கி, லாரிகளுக்கு நடுவில் பந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். ஓட்டுநர்கள் மேலிருந்து கேலி பேசுவார்கள். ஒருவன் தினமும் “கோல் எவ்ளோ மேடம்?” என்பான். நானும் தினமும் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போவேன்.

குப்பத்தில் பந்தைத் தரையில் வைப்பதற்கு முன்னால் பஞ்சாயத்தார் முன் நிற்க வேண்டும். மீன் ஏலம் போடும் கொட்டகையில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் என்ன போட்டுக்கொண்டு ஆடுவார்கள், எத்தனை மணிக்கு விடுவாய், ஆம்பளை வாத்தியார் எவனும் வருவானா என்று வரிசையாகக் கேட்டார்கள். கடைசியில் மூன்று நிபந்தனை சொன்னார்கள். கால் மூடிய உடை. விளக்கு வைப்பதற்குள் வீடு. ஆட்டம் நடக்கும்போதெல்லாம் ஊர்க்காரர் ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாவதை அங்கே ‘ஆள் உட்கார்வது’ என்பார்கள். ஆடுகிற பிள்ளைகளின் அம்மாக்கள் முறை வைத்து வருவார்கள். கையில் பூவோ பூண்டோ இருக்கும். ஆட்டத்தைப் பார்க்க மாட்டார்கள், என்னைத்தான் பார்ப்பார்கள்.

ஆட வந்த பிள்ளைகளில் துர்கா என்று ஒருத்தி. அவள் அம்மா காஞ்சனா திருவொற்றியூர்ச் சந்தையில் மீன் விற்றுவிட்டு இருட்டிய பிறகுதான் திரும்புவார். அவர் முறைக்குத் துர்காவின் அப்பா வந்தார். தேசப்பன். ஆற்றில் வலை போடுகிறவர். ஓரத்தில் உட்கார்ந்த ஒரே ஆண். மற்ற ஆண்கள் சும்மா விடுவார்களா?

“இன்னா தேசப்பா, ரெஃப்ரி வேலைக்குப் போய்ட்டியா?”

“ஆமாண்டா மாமு. உன் பொண்ணு நேத்து கையால தொட்டா. மஞ்ச அட்டை குடுக்கலாம்னு பாத்துகினு கீறேன்.”

இரண்டாவது வாரம் அவரே என்னிடம் வந்தார். “டீச்சர், அடிக்கிற பந்தெல்லாம் ஆத்துல போவுது. பொண்ணுங்க பாதி நேரம் பந்து பொறுக்கிகினு கீது. வலை இல்லாம இன்னா கோலு?” மறுநாள் சவுக்குக் கம்பு மூன்றை நட்டு, பழைய பச்சை நைலான் வலையை மடித்து, தைத்து, கட்டிவிட்டார். அடியில் ஈயக்குண்டுகளைக்கூட அவிழ்க்கவில்லை. காற்றடித்தாலும் தூக்காது என்றார். அந்தக் கரையில் எத்தனையோ இடத்தில் கல்லையும் செருப்பையும் வைத்துக் கோல் அடிக்கிறார்கள். பச்சை வலை கட்டிய கோல் கம்பம் அங்கே மட்டும்தான் இருந்தது.

அந்த வலைக்கு முன்னால் துர்கா நின்றாள். பதினைந்து வயது, நீளமான கை, நிறைய வாய். தடுப்பு ஆட்டக்காரிகளைப் பின்னாலிருந்து திட்டிக்கொண்டே இருப்பாள். “ஏய் கோமதி, தூங்கினு கீறியா? அவ பின்னால போடி!” கோல் காப்பவளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது பிடிப்பதல்ல, விழுவது. முதலில் முட்டிபோட்டு உட்கார்ந்து பக்கவாட்டில் சாய வேண்டும்: தொடை, இடுப்பு, விலா, தோள் என்று வரிசையாகத் தரையில் பட வேண்டும். முழங்கையை ஊன்றவே கூடாது. அது பழகிய பிறகு குந்தியிருந்து. பிறகு நின்றபடி. மற்ற பிள்ளைகளுக்கு மூன்று மாதம் ஆகும். துர்கா மூன்றே வாரத்தில் நின்றபடி விழுந்தாள். விழுந்த வேகத்தில் எழுந்து, “அக்கா, இன்னொண்ணு அடி” என்பாள்.

அந்த வருடம் அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். தேசப்பனின் அக்கா, தன் மகனுக்கு. நான் அங்கேதான் இருந்தேன். பந்துப் பையை அவர்கள் வீட்டில்தான் வைப்பேன்.

“படிப்பு முடிஞ்சா முடியட்டும். இப்பவே பேசி வெச்சிக்கலாம்ல தம்பி?”

“இன்னாக்கா வெளாட்றியா? அவ கோலு நிக்கிறா. அவளக் கட்டிக் குடுத்துட்டா கோலுக்கு யாரு, நீ நிக்கிறியா?”

அக்காவே சிரித்துவிட்டார். பேச்சு அதோடு முடிந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய தேவையே இல்லை.

இனி வின்சென்ட் சார். எங்கள் ஒருங்கிணைப்பாளர், ராயபுரத்துக்காரர். குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. நாம் எழுதிக் கொடுத்ததை வாங்கி, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, சத்தமாகப் படிப்பார். நம் எழுத்தை இன்னொருவர் அவ்வளவு பொறுமையாகப் படிக்கும்போது நமக்கே நம் மேல் மரியாதை வந்துவிடும். முடித்துவிட்டு இரண்டே தீர்ப்புதான். ஒன்று, “போலாம்மா.” இன்னொன்று, “ஈரம் பத்தலம்மா.”

எழுதித்தர ஒரு படிவம் உண்டு. மூன்று கட்டம்: ‘முன்பு’, ‘திருப்பம்’, ‘இப்போது’. கீழே மூன்று விதி: பெயரை மாற்று, முகத்தை மறை, ஊரைச் சொல்லாதே. நிதி தருகிறவர்கள் அந்தக் கதைகளைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் எத்தனை குப்பத்துக்குப் பந்து போகும் என்று முடிவு செய்வார்கள். இதை அவர் மறைத்ததே இல்லை.

துர்காவைப் பற்றி நான் முதலில் எழுதியது உண்மை. அப்பா ஓரத்தில் உட்கார்ந்தது, வலை கட்டியது, கல்யாணப் பேச்சைச் சிரித்துத் தள்ளியது எல்லாம் இருந்தது. வின்சென்ட் சார் படித்து முடித்தார்.

“நல்லா இருக்கும்மா. அப்பா வலை கட்டினார், பொண்ணு ஆடினா. சரி. இதுல நாம எங்க இருக்கோம்?”

“நான் விழக் கத்துக்குடுத்தேன் சார்.”

“அது இருக்கு. ஆனா ‘முன்பு’ கட்டத்துல ஒண்ணுமே இல்லியே. ஈரம் பத்தலம்மா.”

பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. ஷாலினி, இதைக் குறித்துக்கொள். யாரும் சொல்ல மாட்டார்கள். அது என் கைவேலை. அலுவலகத்திலேயே உட்கார்ந்து இருபது நிமிடத்தில் மாற்றினேன். தேசப்பன் ஞாயிற்றுக்கிழமைகளில் குடிப்பார். அதைத் தினமும் என்று ஆக்கினேன். அக்கா கேட்ட சம்பந்தத்தை அப்பா முடிவு செய்ததாக்கினேன். அவர் சொன்ன மறுப்பை நான் சொன்னதாக்கினேன். வலை கட்டியதை எடுத்துவிட்டேன், இடம் போதவில்லை. துர்கா மலர் ஆனாள். எழுதும்போது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. வாக்கியங்கள் தானாக ஓடி வந்தன.

வின்சென்ட் சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார். “போலாம்மா” என்றார்.

படமும் விதிப்படிதான் எடுத்தேன். பின்னாலிருந்து. முகம் தெரியாது. இரண்டு பக்கமும் விரித்த கைகள், பெரிய கையுறை. அவளுக்கு முன்னால் கோல், கோலில் அந்தப் பச்சை வலை.

கதை ஒரு புத்தகத்தில் வந்தது, இணையத்தில் வந்தது, பிறகு தொலைபேசி தொலைபேசியாகப் போனது. ஒரு மாதத்தில் குப்பத்துக்கே வந்து சேர்ந்தது. பெயர் மாற்றம், முகம் மறைவு எல்லாம் வெளியூர்க்காரர்களுக்குத்தான். ஊருக்கு வலை போதும். எந்த வலையை எவன் தைத்தான் என்று ஒரு முடிச்சைப் பார்த்துச் சொல்கிறவர்கள் அவர்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. படிவம் கேட்ட மூன்றையும் செய்துவிட்டேன், அல்லவா?

கதையைப் படித்த யாரோ நல்லெண்ணத்தில் புகார் கொடுத்திருந்தார்கள். இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து, பதினைந்து வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஏற்பாடு செய்தாயா என்று தேசப்பனை அவர் வாசலிலேயே விசாரித்தார்கள். அவர்கள் கடமை அது. அப்படி எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் ஜீப் வந்ததை ஊர் பார்த்தது.

அந்தச் சமயத்தில்தான் துர்காவுக்கு அரசு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்திருந்தது. தேர்வில் அவள் கோலுக்குள் ஒரு பந்தைக்கூட விடவில்லை. படிப்பு, சாப்பாடு, தினமும் இரண்டு வேளை பயிற்சி. அவளுடைய வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஒரு விண்ணப்பத்தில் இருந்தது. பெற்றோர் கையெழுத்து மட்டும் பாக்கி. பத்து நாளில் கொடுக்க வேண்டும். “குடுங்க டீச்சர், போட்டுத் தரேன்” என்று தேசப்பன் வாங்கி வைத்திருந்தார்.

பஞ்சாயத்து கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள். போகும் முன் வின்சென்ட் சார் டீ வாங்கிக் கொடுத்தார். “அது துர்கான்னு நாம எங்கயும் சொல்லலம்மா. பல பிள்ளைங்க கதையைச் சேர்த்து எழுதினதுன்னு சொல்லு. வேற எதுவும் பேசிடாத. இருபத்திரண்டு பிள்ளைங்க அங்க ஆடுது, நினைவு வெச்சுக்கோ.”

அதே ஏலக் கொட்டகை. தேசப்பன் ஒரு பக்கம் கைகட்டி நின்றார். அவர் செய்த தப்பு என்ன என்று அவருக்கே தெரியாத நிற்பு அது.

பஞ்சாயத்துத் தலைவர் போனைக் காட்டினார். “இது யாரும்மா?”

“யாரும் இல்லைங்க. பல பிள்ளைங்க கதையைச் சேர்த்து எழுதினது.”

“வலை எங்க ஊர்துதானே?”

“படம் மட்டும் இங்க எடுத்ததுங்க.”

“அப்போ குடிகாரன்னு எழுதினது தேசப்பனை இல்ல?”

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் பொய் எழுதினேன், இந்த மனுஷர்தான் அந்தப் பேச்சைத் தடுத்தவர். சொன்னால் என்னை அன்றைக்கே ஊரைவிட்டு அனுப்பியிருப்பார்கள்; ஆட்டமும் நின்றிருக்கும். இருபத்திரண்டு என்ற எண்ணைத் தலைக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தால், எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். எண் அதற்குப் போர்வை.

“யாரையும் குறிப்பா எழுதலைங்க” என்றேன்.

பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்: “அப்போ பாதி உண்மைன்னு சொல்றாங்க.” சிலர் சிரித்தார்கள். தேசப்பன் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருடம் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டு பார்த்தார்.

ஆட்டம் தொடரலாம், இனி படம் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பு ஆனது. அலுவலகத்தில் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் போனபோது கம்பங்கள் மொட்டையாக நின்றன. தேசப்பன் வலையை அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார். துர்காவும் வரவில்லை.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். விண்ணப்பம் அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. காஞ்சனா எனக்கு முன்பே சண்டையை ஆரம்பித்திருந்தார்.

“போடுய்யா கையெழுத்த. இவங்க எழுதினதுக்குப் புள்ள இன்னா பண்ணும்?”

தேசப்பன் என்னிடம்தான் பேசினார். மரியாதையாக, மெதுவாக. “குடிகாரன் கையெழுத்து செல்லுமா டீச்சர்?”

“அண்ணா…”

“இப்போ நான் போட்டேன்னு வை. இன்னா சொல்லுவானுங்க? டீச்சர் வந்து குடிகாரங்கிட்டேந்து புள்ளய மீட்டுகினு போய்ட்டாங்கன்னு சொல்லுவானுங்க. நீ எழுதினத நானே ஒத்துகினு கையெழுத்துப் போட்ட மாதிரி ஆவும்.”

“அம்மா போட்டாலும் செல்லும்ணா” என்றேன். அந்த நேரத்திலும் விதி சொன்னேன்.

காஞ்சனா உடனே பேனாவைத் தேடினார். உள்ளேயிருந்து துர்கா வந்தாள். அழுது முடித்த முகம். விண்ணப்பத்தை அம்மா கையிலிருந்து எடுத்தாள்.

“அக்கா, கொட்டாயில நீ நெசத்தச் சொல்லியிருந்தா எங்கப்பா போட்டிருக்கும். இப்போ வேற யாரு போட்டாலும் எனக்கு வேணாம்.”

கிழித்துப் போடவில்லை. மடித்து என் கையில் கொடுத்தாள். அலுவலகத்துச் சொத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

அதற்குப் பிறகும் நான் அங்கே வேலை செய்தேன் என்பதுதான் எனக்கே அருவருப்பு. மூன்று வருடத்துக்கு மேல். அந்த இருபத்திரண்டு பேரில் ஒருத்தி காவலர் தேர்வில் தேறினாள், ஒருத்தி நடுவர் ஆனாள். நல்லது நடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதை வைத்து இதைச் சமன் செய்யப் பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. முழங்கால் கிழிந்தபோது எனக்கு விளையாட்டு மட்டும்தான் போயிற்று. ‘மலரின் கைகள்’ பயிற்சிப் பாடமாகப் போகிறது என்று தெரிந்த அன்றுதான் எதிர்த்து எழுந்தேன். அதை எடுத்துவிடுங்கள், அது பொய் என்று வின்சென்ட் சாரிடம் எழுதியே கொடுத்தேன். வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்தார்.

“உனக்கு ஈரம் ஜாஸ்தியாயிடுச்சும்மா” என்றார். கிண்டலாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். ராஜினாமாவை அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினேன்.

துர்காவுக்கு இப்போது இருபது. திருவொற்றியூர்ப் பக்கம் செருப்புக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள். கம்பெனி வேனுக்கு நிற்கும் இடத்தில் போய்ப் பார்த்தேன். இதை எழுதப்போகிறேன், உன் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

“மாத்தாத. போன தடவ மாத்தித்தானே எழுதின? எம்பேரு துர்கா, எங்கப்பா தேசப்பன், எங்கம்மா காஞ்சனா. அப்டியே போடு. எங்கப்பாகிட்ட படிச்சுக் காட்டிட்டு போடு.” வேன் வந்தது. ஏறிவிட்டாள்.

போன ஞாயிறு மதியம் படித்துக்காட்டப் போனேன். தேசப்பன் வலையைக் காலில் மாட்டிக்கொண்டு தைத்தபடியே கேட்டார். முழுவதும் கேட்டார். குறுக்கே பேசவில்லை.

“ஒண்ணு தப்பு” என்றார். “எப்பவாவது குடிப்பாருன்னு எழுதிகீற. ஞாயித்துக்கிழம ஆனா குடிப்பேன். அப்டியே போடு. நல்லவனாவும் ஆக்காத.”

அங்கேயே திருத்தினேன். மேலே நீங்கள் படித்தது அவர் திருத்தியது.

“இத்தப் படிச்சா அந்த சீட்டத் திரும்பத் தருவாங்களா?”

“இல்லண்ணா. வயசு தாண்டிருச்சு.”

“அப்போ இன்னாத்துக்கு?”

“புதுசா நாலு பொண்ணுங்க வந்திருக்காங்க. அவங்க இந்த மாதிரி எழுதக் கூடாதுன்னுதான்.”

ஊசியைக் கண்ணியில் விட்டு இழுத்து, முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினார்.

“எழுதுவாங்க” என்றார். “எங்க வூட்ல சோறு துன்னுட்டு நீயே எழுதினல்ல.”